பிக்கப்புக்கு நல்ல ஷாக் வேண்டும், லிஃப்ட் வேண்டாம்

நல்ல ஷாக் அப்சார்பர் விசாரிக்கப் போகும் பிக்கப் உரிமையாளர், பெரும்பாலும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டின் விலையைக் கேட்டுக்கொண்டுதான் கடையிலிருந்து வெளியே வருகிறார். ‘நல்ல ஷாக் போட்டா வண்டி ரெண்டு இஞ்ச் ஏறத்தான் செய்யும், ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாத்திடுங்க’ என்பது கடைக்குக் கடை கேட்கும் பேச்சு. கோவையில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு வேலை. வண்டியைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். உயரத்தைத் தொடாமல் ஆட்டத்தை மட்டும் அடக்க முடியும்.

எங்களிடம் வருகிறவர்களில் வால்பாறைப் பக்கத்துக்காரர்கள் உண்டு. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதற்கு மேல் எஸ்டேட்டுக்குள் கல் பாவிய பாதையில் ஓட்டுகிறவர்கள். அவர்களில் ஒருவர் தன் இசுசு டி-மேக்ஸ் பிக்கப்பைக் காட்டிச் சொன்னது: ‘காலியாப் போனா குதிக்குது, லோடு ஏத்துனா வளைவுல படகு மாதிரி சாயுது. மாத்திக் குடுங்கண்ணா. ஆனா வண்டி ஏறக் கூடாது, இப்பவே மூட்டை தூக்குற ஆளுங்க திட்டுறாங்க.’ எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் இவர்தான். என்ன வேண்டும் என்பதும் தெரியும், என்ன வேண்டாம் என்பதும் தெரியும்.

லோடு பாடி உயர்ந்தால் தூக்குகிறவருக்குத் தோள் வலி. அது கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். தெரியாதது பிரேக்கில் இருக்கிறது. சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். லோடு ஏறி சேஸிஸ் தாழும்போது அந்தக் கம்பி வால்வைத் திருப்பி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். பின்பக்கத்தை உயர்த்தி, இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி நிறைய மூட்டை இருக்கும்போதும் அது பாதி காலி என்றே வால்வு கணக்குப் போடும். மலை இறக்கத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். லிஃப்ட் செய்து வந்த வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கம்பியைத்தான். 4x4 வண்டியாக இருந்தால் முன் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் சாய்வும் கூடும், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த ஷாக்கைக் கழற்றி அதே நீளத்தில் தரமான ஷாக் போடுவது பராமரிப்பு. வண்டியின் உயரத்தையே மாற்றுவது வேறு கதை, தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போதும் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அது தெரியும்.

சரி, எந்த ஷாக்? கம்பெனி ஷாக் பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. கல் பாதையில் ஓயாமல் ஆடினால் உள்ளே எண்ணெய் சூடாகி நுரை கட்டும், பிஸ்டன் எண்ணெய்க்குப் பதில் நுரையைத் தள்ளும், பிடிமானம் போய்விடும். சற்று நேரம் நிறுத்தினால் மறுபடி சரியாகும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெய்க்கும் நைட்ரஜன் கேஸுக்கும் நடுவே தனி பிஸ்டன் இருக்கும். இரண்டும் கலக்காது, சூடும் வெளிக்குழாய் வழியே நேராகக் காற்றில் இறங்கும். பில்ஸ்டைன் 4600 வரிசை கம்பெனி உயரத்துக்கென்றே செய்யப்படுவது. அதே நிறுவனத்தின் 5100 வரிசையில் பல வண்டிகளுக்கான முன் ஷாக்கில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்குப் பல காடிகள் வெட்டியிருக்கும். தட்டை மிகக் கீழ்க் காடியில் வைத்தால்தான் பழைய உயரம். மெக்கானிக் ஒரு காடி மேலே மாட்டிவிட்டால் வண்டி ஏறிவிடும். தட்டு 1 செ.மீ. உயர்ந்தால் சக்கரத்தில் உயரம் அதைவிட அதிகமாகக் கூடும், ஏனென்றால் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் விஷ்போன் ஆர்மின் நடுப்பகுதியில் ஷாக் மாட்டியிருக்கிறது, சக்கரம் அதன் நுனியில் இருக்கிறது.

எல்லாருக்கும் ஒற்றைக் குழாய்தான் என்று சொல்லமாட்டேன். அதன் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சுவர். கல் தெறித்து ஓர் இடத்தில் நசுங்கினால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். டவுனுக்குள் காய்கறி ஏற்றுகிற வண்டிக்கு நல்ல இரட்டைக் குழாய் கேஸ் ஷாக் தாராளம், பணமும் மிச்சம். விலை மலிவு என்று எண்ணெய் மாற்றி வெல்டிங் வைத்து வருகிற ‘ரீகண்டிஷன்’ சரக்கை மட்டும் தொடாதீர்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது முழுதாக நீட்டிய நீளமும் முழுதாக அமுக்கிய நீளமும். லிஃப்ட் வண்டிக்கான நீள ஷாக்கைக் கம்பெனி உயரத்தில் மாட்டினால், பெரிய குழியில், சஸ்பென்ஷன் மேலே முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் அடிபடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டும். மேல் பிராக்கெட் பிய்ந்து வருவது இப்படித்தான்.

இனி, எல்லாம் சரியாக வாங்கிய பிறகும் ‘மாத்துனதும் வண்டி ஏறிடுச்சுங்க’ என்று சிலர் வருகிறார்களே, அது ஏன்? கேஸ் அழுத்தம் தூக்கிவிட்டது என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் போடலாம். ஷாக்கின் பிஸ்டன் தண்டு 14 மி.மீ. விட்டமும் 25 பார் கேஸ் அழுத்தமும் என்று வைத்தால், ஒரு ஷாக் மேலே தள்ளும் விசை சுமார் 39 கிலோ. ஏறக்குறைய 2 டன் எடையுள்ள வண்டியில் இது சில மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது.

உண்மையான காரணம் பெரும்பாலும் புஷ். விஷ்போன் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் வெளியே ஆர்மோடும் உள்ளே போல்ட் குழலோடும் ஒட்டியிருக்கும். ஷாக்கைக் கழற்றும்போது ஆர்ம் போல்ட்டையும் தளர்த்திவிட்டு, வண்டி ஜாக்கில் நிற்க, சக்கரம் தொங்க, அப்படியே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். தொங்கும் நிலையில் ரப்பர் பூட்டிக்கொள்கிறது. கீழே இறக்கினால் ஆர்ம் மேலே வர வேண்டும், ரப்பர் முறுக்கிக்கொண்டு அதைக் கீழே தள்ளும். வண்டி சற்று உயர்ந்து நிற்கும், கொஞ்ச நாளில் ரப்பர் கிழிந்து சத்தம் வரும், பழி ஷாக் மேல் விழும். சரியான முறை, போல்ட்டைக் கையால் மட்டும் ஓட்டி வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் போடுவது. ஷாக் முனையின் வளையத்தில் உள்ள கண் புஷ்ஷுக்கும் இதே விதி. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன் புஷ்ஷுக்கும் இதேதான்.

அளக்கும் விதத்திலும் ஏமாறலாம். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் முன் டயர்கள் உள்ளே இழுபட்டு நிற்பதால் முன்பக்கம் உயர்ந்து தெரியும். வண்டியை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிவிட்டு அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் நுழையும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதே சரி. நான்கு மூலையையும் வேலைக்கு முன்பே அளந்து, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கம் தாழ்ந்திருக்கிறதே என்று கேட்காதீர்கள், லோடு ஏறும்போது பின்பக்கம் தாழும் என்பதால் கம்பெனியே அப்படி வைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஷாக்கிடம் எதிர்பார்க்கக் கூடாது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்து லோடு வண்டி பின்னால் உட்கார்ந்தால் அதை எந்த ஷாக்கும் தூக்காது. பட்டையைப் பார்க்க வேண்டும். புதுப் பட்டை போட்டால் வண்டி ஏறும், ஆனால் அது தொய்வதற்கு முன் இருந்த உயரம்தான். கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது வேறு, அது காலி வண்டியை விறைப்பாக்கி உயர்த்தும்.

முன் ஷாக் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். வீட்டு வாசலில் முன் ஷாக்கைக் கழற்ற முயலாதீர்கள், அமுக்கிய காயில் ஸ்பிரிங் நழுவினால் கை போகும். கழற்றிய பழைய கேஸ் ஷாக்கைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது உள்ளே கேஸ் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், விஷயம் தெரியாமல் கட்டர் வைத்து அறுக்கிறார்கள்.