சார்ஜ் 3, 4, 5: பேஸ் ஸ்பீக்கர் எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஜேபிஎல் நிறுவனத்தின் கையில் எடுத்துச் செல்லும் ப்ளூடூத் ஸ்பீக்கர்களான சார்ஜ் 3, சார்ஜ் 4, சார்ஜ் 5 ஆகிய மூன்றையும் ஒரே நிறத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகாத கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். துணி சுற்றிய உருளை, இரண்டு முனைகளிலும் ரப்பர் விளிம்போடு ஒரு வட்டத் தட்டு, மேலே சில பட்டன்கள், அவ்வளவுதான். முதலாவது 2016-இல் வந்தது, அடுத்தது 2018-இல், கடைசியானது 2021-இல். ஐந்து ஆண்டுகளில் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை என்றாலும், உள்ளே ஒலியை உண்டாக்கும் முறை இரண்டு தடவை மாறிவிட்டது. பழையதா புதியதா என்று பிரித்தறிய நம்பகமான வழி அந்த மாற்றங்களைப் புரிந்துகொள்வதுதான். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டலாம், அட்டைப் பெட்டியை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் பாடும் விதத்தை அப்படி மாற்ற முடியாது.

இவ்வளவு சிறிய பெட்டியிலிருந்து பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, வருவதே ஆச்சரியமான விஷயம். ஒலி என்பது காற்றைத் தள்ளுவது. எவ்வளவு தாழ்ந்த சுருதியோ அவ்வளவு அதிகமாகக் காற்றைத் தள்ளியாக வேண்டும். 120 ஹெர்ட்ஸில் ஒரு கோன் (ஸ்பீக்கரில் அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பு) 1 மில்லிமீட்டர் அசைந்து குறிப்பிட்ட அளவு சத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சத்தம் 60 ஹெர்ட்ஸில் வேண்டுமென்றால் அது 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். அதிர்வெண் பாதியானால் அசைவு நான்கு மடங்காகும் என்பதுதான் கணக்கு. வீட்டு ஹோம் தியேட்டரில் பெரிய கோனைப் போட்டு இதைச் சமாளிக்கலாம். ஒரு கையால் தூக்கும் உருளையில் அதற்கு இடமில்லை.

அதற்கான தீர்வுதான் முனைகளில் தெரியும் அந்த வட்டத் தட்டுகள். பலரும் அவற்றைத் தனி ஸ்பீக்கர் என்று நினைக்கிறார்கள். அவற்றுக்குக் கம்பி இணைப்பு கிடையாது, காந்தமும் கிடையாது. பேசிவ் ரேடியேட்டர் என்று பெயர். ஆர்சிஏ நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி ஓல்சன் 1935-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். துணிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோன் உள்நோக்கி அசையும்போது பெட்டிக்குள் அடைபட்ட காற்று அழுத்தம் பெறுகிறது. அந்த அழுத்தம் தட்டை வெளியே தள்ளுகிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதியில் ‘பூம்’ என்று ஒலிக்குமே, இதுவும் அதே தத்துவம்தான். அங்கே பாட்டில் கழுத்தில் இருக்கும் காற்றின் எடை செய்யும் வேலையை இங்கே தட்டின் எடை செய்கிறது. பெரிய பெட்டிகளில் இதற்குக் குழாய் வைப்பார்கள். இந்த அளவு பெட்டிக்குக் குழாய் வைத்தால் அது பெட்டியைவிட நீளமாகப் போய்விடும், இல்லையென்றால் காற்று உரசி ‘புஸ்’ என்று இரையும்.

தட்டு இயல்பாக அதிரும் அந்த அதிர்வெண் வரும்போது, தட்டு பெருமளவு ஆடும், கோனோ ஏறக்குறைய நின்றுவிடும். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு, சத்தத்தைக் குறைவாக வைத்து, 150 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் தட்டின் விளிம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு ஆடும். அதற்கும் கீழே போனால் கோனும் தட்டும் எதிரெதிராக இயங்கத் தொடங்கி, ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். சத்தம் சட்டென்று விழும், கோனுக்குப் பிடிமானமும் போய்விடும். ஸ்பீக்கர் கெடுவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். இரண்டு தட்டுகளை எதிரெதிர் முனைகளில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒன்றின் உதைப்பை மற்றொன்று சமன் செய்வதால் ஸ்பீக்கர் மேசையில் நகர்ந்து ஓடாது.

இப்போது தலைமுறைகளுக்கு வருவோம். சார்ஜ் 3-இல் 50 மில்லிமீட்டர் அளவில் இரண்டு வட்டக் கோன்கள், ஒவ்வொன்றுக்கும் 10 வாட். ஒன்று இடது சானல், மற்றது வலது. சார்ஜ் 4-இல் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, ஓட்டப் பந்தயத் தடம் போன்ற வடிவில் 50-க்கு 90 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே கோனை 30 வாட்டில் வைத்தார்கள். பெரிய கோன் வந்ததால்தான் பேஸ் கூடியது என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. 50 மில்லிமீட்டர் வட்டங்கள் இரண்டின் பரப்பு சுமார் 39 சதுர சென்டிமீட்டர். முனைகள் அரைவட்டமாக உள்ள அந்த நீள்வடிவத்தின் பரப்பும் ஏறக்குறைய அதேதான், 40-ஐத் தொடவில்லை. காற்றைத் தள்ளும் பரப்பு கூடவே இல்லை. 20 வாட் 30 வாட்டாவதால் கிடைப்பதும் 2 டெசிபெலுக்குக் குறைவு. ஆகவே பேஸ் கூடியிருந்தால், அது கோன் முன்னும் பின்னும் அசையும் தூரத்திலிருந்தும், பெட்டியையும் தட்டுகளையும் டியூன் செய்த விதத்திலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும். இரண்டு சின்ன மோட்டார்களைவிட (கோனை அசைக்கும் காந்தமும் கம்பிச் சுருளும்) நீண்ட தூரம் அசையக்கூடிய ஒரே வலுவான மோட்டார் பேஸுக்கு நல்லது.

அதற்குக் கொடுத்த விலை ஸ்டீரியோ. சார்ஜ் 4 இரண்டு சானல்களையும் கலந்து மோனோவாகத்தான் பாடும். 3-ஐயும் 4-ஐயும் காதாலேயே பிரிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. இடது, வலது என்று மாறி மாறிச் சொல்லும் சோதனை ஒலி ஒன்றைப் போட்டு, காதை உருளையின் அருகே கொண்டுபோங்கள். குரல் பக்கம் மாறினால் சார்ஜ் 3. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அதற்குப் பிந்தையது.

சார்ஜ் 5-இல் செய்த மாற்றம்தான் மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய அதே அளவுக் கோனை வைத்துக்கொண்டு, அதன் அருகே உயர்ந்த சுருதிகளுக்கென்றே 20 மில்லிமீட்டர் ட்வீட்டர் ஒன்றைச் சேர்த்தார்கள். கோனுக்கு 30 வாட், ட்வீட்டருக்கு 10 வாட். பேஸுக்காகப் பல மில்லிமீட்டர் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கோன், அதே நேரத்தில் பாடகியின் குரலையும் சுமந்தால், ஒவ்வொரு பேஸ் அடிக்கும் குரல் லேசாக நடுங்கும். சத்தம் கூடக்கூட நடுக்கமும் கூடும். குரலின் மேல்பகுதி தனி ட்வீட்டருக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. பேஸ் மிகுந்த பாட்டு ஒன்றை முக்கால் வால்யூமில் வைத்து, ‘ஸ’, ‘ச’ ஒலிகளையும் ஜால்ராவையும் கவனியுங்கள். 4-இல் அவை மங்கும், 5-இல் தெளிவாக நிற்கும்.

எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது. நிறுவனம் தரும் விவரத்தில் சார்ஜ் 3 தொடங்குவது 65 ஹெர்ட்ஸில், 4-உம் 5-உம் 60 ஹெர்ட்ஸில். வெறும் 5 ஹெர்ட்ஸ் வித்தியாசம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அடிச்சுருதியை இவற்றில் எதுவுமே முழுதாகத் தருவதில்லை. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. 82, 123 என்று அதன் மடங்குகள் காதுக்கு வந்தால் போதும், விடுபட்ட அடிச்சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். இத்தகைய சிறிய ஸ்பீக்கர்கள் எல்லாமே இந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. இன்னொன்று, வால்யூம் கூடும்போது உள்ளிருக்கும் சிப் பேஸைத் தானாகக் குறைத்துவிடும். கோன் அளவுக்கு மீறி ஆடாமல் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. கடையில் முழு வால்யூமில் மட்டும் ஒப்பிட்டால் இந்தக் காப்புச் சுற்றைத்தான் ஒப்பிடுகிறீர்கள். பாதி வால்யூமிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒலியைக் கேட்க வழியில்லாமல் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தால் போர்ட்டுகளைப் பாருங்கள். மைக்ரோ யூஎஸ்பியும், கம்பி வழியாகப் பாட்டுக் கேட்க உதவும் ஆக்ஸ் துளையும் இருந்தால் சார்ஜ் 3. டைப்-சியும் ஆக்ஸும் இருந்தால் 4. டைப்-சி இருந்து ஆக்ஸ் இல்லையென்றால் 5. ஜேபிஎல்லின் இன்னொரு வரிசையான ஃபிளிப்பில் ஆக்ஸ் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 2019-இல் வந்த ஃபிளிப் 5-இலேயே காணாமல் போய்விட்டது. சார்ஜ் 4-இல் லோகோ செவ்வகப் பட்டைக்குள் இருக்கும். 5-இல் பெரிய எழுத்துகளாகத் துணியின் மேலேயே நிற்கும். எடையும் உதவும்: 3 சுமார் 800 கிராம், மற்ற இரண்டும் சுமார் 960 கிராம். 2025-இல் வந்த சார்ஜ் 6-இல் கைப்பிடி வார் இருப்பதால் அதில் குழப்பமே வராது.

இரண்டு ஸ்பீக்கர்களை இணைக்கும் பட்டனும் வயதைக் காட்டிக்கொடுக்கும். மணற்கடிகாரக் குறி இருந்தால் பழைய கனெக்ட் முறை. படுத்த எட்டுப் போன்ற முடிவிலிக் குறி இருந்தால் பார்ட்டிபூஸ்ட். சார்ஜ் 6-இல் ஆராகாஸ்ட். இவை ஒன்றோடொன்று பேசாது. வீட்டில் ஏற்கெனவே சார்ஜ் 4 இருந்து, அதோடு ஜோடி சேர்க்க 5-ஐ வாங்கினால் இரண்டும் தனித்தனியாகத்தான் பாடும். நன்றாக உழைக்கும் ஸ்பீக்கரை இப்படித் தனிமைப்படுத்தியது வாங்கியவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஒரே மாடலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வரிசை எண் ஜிஜி (GG) என்று தொடங்குகிறதா டிஎல் (TL) என்று தொடங்குகிறதா என்பதை வைத்து ரசிகர்கள் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். எண்ணைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. ஆனால் பழைய ஸ்பீக்கரில் எழுத்தைவிட முக்கியம், அதை முன்பு வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார் என்பது. சார்ஜ் 3, ஃபிளிப் 4 போன்றவற்றில் ப்ளூடூத் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சில நொடிகள் சேர்த்து அழுத்தினால் தாழ் அதிர்வெண் மட்டும் ஒலிக்கும் முறை ஒன்று திறக்கும். தட்டுகள் வெறிபிடித்தது போல ஆடும், வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். அப்படி ஆட்டப்பட்ட ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பில் வெடிப்போ, தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதோ தெரியலாம். விரல் நுனியால் தட்டை மெல்ல அழுத்துங்கள். எதிர்முனைத் தட்டு வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் பெட்டி எங்கோ காற்றை விடுகிறது, தண்ணீரும் உள்ளே போகும். இரண்டு தட்டுகளுமே அசையாமல் பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தால், அல்லது சார்ஜ் 4 என்று எழுதியிருந்து மைக்ரோ யூஎஸ்பி போர்ட் இருந்தால், கையிலிருப்பது போலி.