பரிஸ்டா வேலைக்குச் சேரும் முன்: கிரைண்டர், தண்ணீர், மணிக்கட்டு

பாலில் இதயமும் இலையும் வரையும் வீடியோக்களைப் பார்த்துத்தான் பலர் கஃபேயில் மெஷின் காபி போடும் இந்த பரிஸ்டா வேலைக்கு ஆசைப்படுகிறார்கள். வரைவது பழகப் பழக வந்துவிடும். நுங்கம்பாக்கமோ பெசன்ட் நகரோ, எந்தக் கஃபேயிலும் பரிஸ்டாவின் பொழுதைத் தின்பது கிரைண்டரும் துடைக்கும் துணியும்தான்.

கடை திறந்ததும் முதல் வேலை ‘டயல் இன்’, அதாவது ருசி சரியாக வரும்படி கிரைண்டரின் அரைப்பைத் திருத்திப் பிடிப்பது. போர்ட்டாஃபில்டரில் (தூளை வைத்து மெஷினில் மாட்டும் கைப்பிடி வடிகட்டி) 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் எஸ்பிரஸ்ஸோ (அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி), 25 முதல் 30 வினாடி: பல கடைகள் இந்தக் கணக்கில்தான் தொடங்கும். 18 வினாடியிலேயே ஓடி வந்தால் புளிக்கும், தண்ணியாகவும் இருக்கும். இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். 40 வினாடி இழுத்தால் கசக்கும். சற்றுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அரைப்பை மாற்றியதும் விழும் முதல் சில கிராம், உள்ளே தங்கிய பழைய தூள். அதைக் கொட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்து வந்தால் கிரைண்டரைத் திருகிப் பயனில்லை. தூள் ஒரு பக்கம் சரிந்திருக்கும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே பாய்ந்திருக்கும். பரப்புவதையும் மட்டமாக அழுத்துவதையும் சரிசெய்யுங்கள்.

சென்னையில் காலையில் பிடித்த அளவு மதியம் வரை நிற்பது அபூர்வம். ஏசி போடாத காலைப் புழுக்கம், பிறகு ஏசி, சாயங்காலம் கதவு திறந்து மூடும்போது வரும் கடல்காற்று. காபித்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூட்ட நேரத்தில் கிரைண்டரும் சூடேறும். ஹாப்பரில் (கிரைண்டர் மேலிருக்கும் காபிக்கொட்டைத் தொட்டி) கொஞ்சமாகக் கொட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஷாட்டை, அதாவது இறங்கும் எஸ்பிரஸ்ஸோவை, எடை போட்டுப் பார்ப்பதே வழி.

தண்ணீர் அடுத்த தலைவலி. உப்பேறிய போர் தண்ணீரை அப்படியே விட்டால் பாய்லரில் உப்புப் படிந்து மெஷின் படுத்துவிடும். ஆர்.ஓ. போட்டு மொத்தமாக வடித்தாலோ காபி சப்பென்று இருக்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள், லிட்டருக்கு மில்லிகிராமில்) 100-லிருந்து 150-க்குள் இருந்தால் நிம்மதி. மீட்டர் மலிவுதான், கடையில் ஒன்று இருக்கட்டும்.

பாலை 4 டிகிரி குளிரில் எடுத்து, 60 முதல் 65 டிகிரியில் நிறுத்தச் சொல்லித் தருவார்கள். 70-ஐத் தாண்டினால் இனிப்பு மங்கி நுரை உடையும். ஆனால் டபராவில் ஆவி பறக்கக் குடித்துப் பழகிய ஊர் இது. “தம்பி, ஆறிப்போச்சே” என்று கோப்பை திரும்பி வரும். பாடம் நடத்தாதீர்கள். கோப்பையை வெந்நீரில் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். பெரியவர் கேட்டால் 68 வரை ஏற்றுங்கள். ஒருமுறை சூடாக்கிய பாலை மறுபடி சூடாக்கிக் கொடுப்பதுதான் தப்பு.

உடம்பு விஷயத்தில் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். தூளை மட்டமாக்கும் டாம்பரை அழுத்தும்போது மணிக்கட்டு மடங்கக்கூடாது. முழங்கை செங்குத்தாக இருக்க, தோளிலிருந்து எடை இறங்க வேண்டும். முரட்டு பலம் தேவையே இல்லை, மட்டம்தான் முக்கியம். பாலைச் சூடாக்கும் நீராவிக் குழாயான ஸ்டீம் வாண்டில் கை பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். ருசி பார்க்கும் ஷாட்டைத் துப்பிவிடுங்கள். வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. விழுங்கிக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் அதைத் தொட்டுவிடலாம், ராத்திரி தூக்கம் போய்விடும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? முதலில் நாக்கு. ஏற்காட்டுக் கொட்டையையும் சிக்கமகளூருக் கொட்டையையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் அது எந்தக் கடைக்கும் உங்களோடு வரும். ரோஸ்டிங், பயிற்சி தருவது என்று வழிகளும் திறக்கும். காபி வாரியத்தின் ‘காபி சாஸ்திரா’ பயிற்சியும் இருக்கிறது. தொடக்கச் சம்பளத்தில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். உட்கார இருக்கை உண்டா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா? இரவு கடை மூடியபின் மெஷினைக் கழுவும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா? கழுவும் பொடி போட்டு, போர்ட்டாஃபில்டரை மாட்டும் குரூப் ஹெட்டைக் கழுவி, வாண்டு, டிரே எல்லாம் துடைத்து முடிக்க அரை மணிக்குக் குறையாது. பல கடைகளில் ஷிப்ட் கணக்கில் விட்டுப்போவது அந்த அரை மணிதான்.