பல் போன இடத்தில் எலும்பும் போகிறது

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில் பல் மருத்துவம் பார்ப்பவள் நான். மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் சிகிச்சை அறையில் கூட்டம் அதிகமாக இருக்கும். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் பெரியவர்களின் பல்லைப் பற்றிய பேச்சே எழுகிறது. "பல்லை எடுத்து நாலு வருஷமாச்சு டாக்டரம்மா, இப்பதான் கட்டிக்கலாம்னு வந்தேன்" என்பார்கள். பல்லை எடுத்த இடம் தரிசு நிலம் போல அப்படியே கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து நட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பின் மேடு, பல் இருக்கும் வரைக்கும்தான் தன் உருவத்தோடு இருக்கும். மெல்லும் அழுத்தம் வேரின் வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டிருப்பதே அதற்கான வேலை. அந்த வேலை நின்றுபோனால் உடல் அந்த எலும்பை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. கடைவாய்ப் பகுதியில் பல்லை எடுத்த முதல் 12 மாதங்களில் அந்த மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்றும், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து வருபவரின் வாயில், வண்டி போகும் அளவுக்கு அகலமாக இருந்த வரப்பு, ஒற்றைக் கால் வைக்கவே இடமில்லாத வரப்பாக மெலிந்திருக்கும். அதற்கு மேல் எதை ஊன்றினாலும் முதலில் எலும்பை வளர்த்தாக வேண்டும். அதற்குத் தனி அறுவை, தனிச் செலவு, தனிக் காத்திருப்பு.

ஆகவே, பல்லை எடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் அன்றைக்கே, "இந்த இடத்தில் பிறகு என்ன வைக்கப் போகிறோம்?" என்று கேட்டுவிடுங்கள். இம்பிளான்ட், அதாவது எலும்புக்குள் ஊன்றும் செயற்கை வேர், வைக்கும் எண்ணம் இருந்தால், பல்லை எடுக்கும் முறையே மாறும். வெளிப்புற எலும்புச் சுவர், குறிப்பாக முன்பற்களில், பல இடங்களில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. இடுக்கியால் ஆட்டி ஆட்டி எடுத்தால் அது உடைந்து பல்லோடு வந்துவிடும். மெல்லிய கருவியால் வேரைச் சுற்றி விடுவித்து, வேண்டுமானால் வேரை இரண்டாகப் பிளந்து, சுவர் உடையாமல் எடுப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். பிறகு அந்தக் குழிக்குள் எலும்புத் துகள்களை நிரப்பி மூடி வைத்தால், கரைவது முழுவதும் நிற்காவிட்டாலும் பெருமளவு குறையும். அந்தத் துகள்களில் அதிகம் பயன்படும் ஒரு வகை மாட்டு எலும்பைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. இதை நோயாளியிடம் சொல்லாமல் வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. எங்கள் பகுதியில் அதை ஏற்காத வீடுகள் பல உண்டு. அவர்களுக்காகச் செயற்கையாகச் செய்த துகள்களும் கிடைக்கின்றன.

இம்பிளான்ட் என்பது நேற்று வந்த பொருள் அன்று. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயல்களின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது, உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதனோடு பிணைந்துவிட்டிருப்பதைக் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை அவர் வாயில் பயன்பட்டு வந்தன. இன்று நாம் வைக்கும் இம்பிளான்டும் அதே கொள்கையில் அமைந்ததுதான். பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு டைட்டானியத் திருகு எலும்புக்குள் இருக்கும். அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டு. அதற்கு மேல் நம் கண்ணுக்குத் தெரியும் கேப். ஊர்ப் பேச்சில் இதை 'ஸ்க்ரூ பல்' என்பார்கள். பொருத்தமான பெயர்தான்.

ஆனால் ஸ்க்ரூ பல், பிறந்த பல் ஆகிவிடாது. இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சவ்வு இருக்கிறது. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால், கடித்த நொடியில் தாடையை நிறுத்துவது அந்தச் சவ்வின் உணர்வுதான். இம்பிளான்டில் அது இல்லை. எலும்பும் உலோகமும் நேரடியாக ஒட்டியிருக்கின்றன. அதனால் கேப் மிகச் சிறிதளவு உயரமாக இருந்தாலும் நோயாளிக்கு அது தெரியாது. அந்தச் சுமை முழுவதும் எலும்பின் மேல் இறங்கும். கேப் மாட்டிய பிறகு மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்லி, உருவி, தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லும் அந்தச் சலிப்பூட்டும் கால் மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய முறைகளில் என் தொழிலை மிகவும் மாற்றியது முப்பரிமாண ஸ்கேன். சி.பி.சி.டி. என்று சீட்டில் எழுதியிருக்கும். முன்பு தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்துக்காட்டும் ஓ.பி.ஜி.யை வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் கணக்கிட்டு வேலை செய்தோம். எலும்பின் அகலம், ஈற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது கீழ்த்தாடைக்குள் ஓடும் உணர்ச்சி நரம்பின் பாதையை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து, திருகின் நுனிக்கும் நரம்புக்கும் இடையில் குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டுத் திட்டமிடுகிறோம். அந்த நரம்பு காயப்பட்டால் உதடும் தாடையின் முன்பகுதியும் மரத்துப்போகும். சிலருக்கு அது திரும்பாமலே போய்விடுவதும் உண்டு. மேல்தாடையின் பின்பகுதியில் சிக்கல் வேறு விதமானது. அங்கே மேல்தாடை எலும்புக்குள் காற்றறை இருக்கிறது. பல் போன பின் அதன் தரை கீழே இறங்கி, சிலருக்கு 3, 4 மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சும். காற்றறையின் சவ்வைக் கிழியாமல் மேலே உயர்த்தி, அந்த இடத்தில் துகள்களை நிரப்பி எலும்பை உருவாக்கும் அறுவை இன்று நன்கு நிலைபெற்ற ஒன்று.

அந்த ஸ்கேனையும், வாய்க்குள் கேமராவை நகர்த்தி எடுக்கும் டிஜிட்டல் அளவையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, துளையிட வேண்டிய இடம், சாய்வு, ஆழம் மூன்றையும் முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்கேற்ற வழிகாட்டி அச்சை முப்பரிமாண அச்சுப் பொறியில் வார்த்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. அளவுப் பசையை வாயில் வைத்தாலே குமட்டுபவர்களுக்கு அந்தக் கேமரா பெரிய வரம். ஆயினும் வழிகாட்டி அச்சு இருக்கிறது என்பதற்காகக் கண்ணையும் கையையும் தளர்த்திவிட முடியாது. துளையிடும்போது எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியசை எட்டி ஒரு நிமிடம் நின்றாலே அங்குள்ள எலும்பு பாதிக்கப்படும். அதற்காகத்தான் குளிர்ந்த உப்புக் கரைசலை இடைவிடாமல் ஊற்றுகிறோம். அந்த அச்சோ சில வேளைகளில் நீர் உள்ளே போகும் வழியை அடைத்துக்கொள்ளும்.

அறுவை அன்று நடப்பதைப் பலர் மிகையாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் திருகை மிக மெதுவாகச் சுழற்றி இறக்குவோம். எலும்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதி வைரம் பாய்ந்த கட்டை போலக் கருவியை எதிர்க்கும். மேல்தாடையின் பின்பகுதி நெட்டி போல விட்டுக்கொடுக்கும். கடைசிச் சுற்றுகளில் கையிலிருக்கும் முறுக்குக் கருவியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறோம். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் உடனே தற்காலிகப் பல் வைக்கலாமா, காத்திருக்க வேண்டுமா என்ற முடிவு.

'3 நாளில் நிரந்தரப் பல்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் காணப்படும் விளம்பரங்களைப் பற்றி நாள்தோறும் கேட்கிறார்கள். உடனடியாகப் பல் வைக்கும் முறை பொய்யன்று. முறுக்கு விசை ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டரை எட்டி, பல இம்பிளான்ட்களை ஒரே பாலமாகப் பிணைக்க முடிந்தால், பல்லே இல்லாத தாடையில் நான்கு திருகுகளை வைத்து, பின்னிரண்டைச் சாய்வாக இறக்கி, அன்றே தற்காலிகப் பல்வரிசையைப் பொருத்தலாம். ஆனால் எலும்பு பிணையும் காலம் யாருக்காகவும் சுருங்குவதில்லை. அந்தக் காலத்தில் கெட்டியானதைக் கடிக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சுவரில் எழுதப்படுவதில்லை.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு விவசாயி என்னிடம் வந்தார். கீழே ஒரு பல்லும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாகக் கழற்றி மாட்டும் பல் செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு மட்டும் மாட்டுபவர். வெற்றிலை போட வேண்டுமென்றால் மடியிலிருந்து சிறிய இரும்பு உரலை எடுத்து இடித்துத்தான் வாயில் போடுவார். கீழ்த்தாடை முழுச் செட் ஆடுவது பொதுவான குறை. நாக்கும் கன்னமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவருடைய மகன், செலவைப் பார்க்காமல் வாய் முழுவதும் நிலையான பல் வைக்கச் சொன்னார். நான் இரண்டே இரண்டு இம்பிளான்ட்களைக் கீழே முன்பக்கத்தில் வைத்து, அவற்றின் மேல் செட்டைக் கவ்விக்கொள்ளச் செய்யலாம் என்றேன். கீழ்ப்பல் முழுவதும் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். அவரே கழற்றிக் கழுவலாம். எலும்பும் அந்த இடத்தில்தான் போதுமானதாக இருந்தது.

எத்தனை நாள் ஆகும் என்று அவர் கேட்ட விதம் இன்னும் நினைவில் நிற்கிறது. "ஆடுதுறை 36 கணக்கா, சி.ஆர். 1009 கணக்கா டாக்டரம்மா?" ஆடுதுறை 36 குறுவைக்கு ஏற்ற ரகம், 110 நாள், சி.ஆர். 1009 சம்பாவுக்குரியது, ஏறத்தாழ 160 நாள். "உங்களுக்குக் குறுவைக் கணக்குதான் ஐயா" என்றேன். கீழ்த்தாடைக்குப் பொதுவாக மூன்று மாதம் போதும். மேல்தாடையில் எலும்பு வளர்த்து வைத்தால் ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் புதிய முறைகளால், நல்ல எலும்பில் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே பல் வைக்கவும் இப்போது முடிகிறது.

அவரை அன்றே அறுவைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 9-க்கு மேல் இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு இம்பிளான்ட் வைக்கத் தடையில்லை. 8-க்கு மேல் இருந்தால் நான் தள்ளிப்போடுகிறேன். அதைவிடக் கடினமான பேச்சு வெற்றிலை பாக்கைப் பற்றியது. கும்பகோணம் வெற்றிலை விளையும் மண்ணில் உட்கார்ந்து இதைச் சொல்வது எளிதன்று. வெற்றிலையோடு போடும் புகையிலை மட்டுமன்றி, பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் இம்பிளான்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தக் கன்னத்தைக் காட்டுங்கள். புகைப்பவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு தெளிவாகவே அதிகம்.

மாத்திரைகளை மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்வதே இல்லை; தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அவற்றால் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல்லுக்காக அதைத் தாமாக நிறுத்திவிட்டு வரவே கூடாது. இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவெடுக்கிறோம்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியைக்கு வைத்த கேப்பைச் சிமென்டால் ஒட்டினேன். ஓராண்டு கழித்து ஈற்றில் சீழோடு வந்தார். திறந்து பார்த்தால், அரிசிக் குருணையில் பாதி அளவுக்குச் சிமென்ட் ஈற்றுக்கடியில் தங்கியிருந்தது. அதைச் சுற்றி எலும்பு குழிந்துவிட்டது. இம்பிளான்டைக் காப்பாற்ற முடிந்தது, கரைந்த எலும்பை முழுவதும் மீட்க முடியவில்லை. அன்று முதல், இயன்ற இடங்களிலெல்லாம் சிமென்ட் இல்லாமல் திருகால் மாட்டும் கேப்பையே வைக்கிறேன். தேவைப்பட்டால் கழற்றிப் பார்க்கவும் அதுவே வசதி.

பணம் பேசும்போது, சொன்ன தொகையில் ஸ்கேன், எலும்புத் துகள், இணைப்புத் துண்டு, கேப் எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். இம்பிளான்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் ஆகியவை கொண்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பத்தாண்டு கழித்துத் துபாயிலோ சிங்கப்பூரிலோ மகன் வீட்டில் இருக்கும்போது அந்தத் திருகு தளர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு அந்தச் சீட்டுதான் வேண்டும்.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்ப்படும். வலி பெரும்பாலும் இருக்காது என்பதே இதில் உள்ள சூது. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அதையே எச்சரிக்கையாகக் கொண்டு வர வேண்டும்.

அந்தப் பெரியவர் மூன்று மாதம் முயன்று சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வந்தார். புகையிலையை விட்டார், பாக்கை இன்னும் முழுவதும் விடவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்து மாசியில் வருகிறார். கன்னத்தைப் பார்க்கிறேன், ஈற்றைப் பார்க்கிறேன். போன மாசியில் செட்டின் பிடி தளர்ந்திருந்தது. உள்ளே கவ்விப் பிடிக்கும் இரண்டு நைலான் வளையங்களும் தேய்ந்திருந்தன. புதியவற்றை மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை.