விசா மறுக்கப்பட்டாலும் பள்ளி உண்டு: செக் நாட்டில் உக்ரைன் ரோமா பிள்ளைகள்

உக்ரைனிலிருந்து செக் நாட்டுக்கு வந்த ரோமா என்ற சிறுபான்மை இனக் குடும்பங்களோடு பள்ளிக்குத் துணை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் சுருக்கமானது. 2022 மார்ச் 4-ல் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைன் அகதிகளுக்காக நடைமுறைக்குக் கொண்டுவந்த தற்காலிகப் பாதுகாப்பு, உள்ளூர்ப் பிள்ளைக்குள்ள படிப்பு அகதிப் பிள்ளைக்கும் உண்டு என்கிறது. 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் ஒன்பது வருடப் பள்ளிக்கல்வி கட்டாயம், இலவசம். இதெல்லாம் காகிதத்தில்.

முதல் வம்பு ஹங்கேரி பாஸ்போர்ட். ஹங்கேரியை ஒட்டிய மேற்கு உக்ரைனின் டிரான்ஸ்கார்பாத்தியா பகுதியினர் பலரிடம் அது இருக்கிறது. இருந்தால் நீ ஐரோப்பியக் குடிமகன், தற்காலிகப் பாதுகாப்பு விசா கிடையாது என்கிறது செக் அரசு. 2022-ல் பிராக் ரயில் நிலையத்தில் ரோமா குடும்பங்கள் குழந்தைகளோடு காத்துக் கிடந்ததற்கு இந்தச் சரிபார்ப்பு ஒரு முக்கியக் காரணம். விசா மறுக்கப்பட்டதும் பள்ளியும் இல்லை என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். சில பள்ளி அலுவலகங்களும் அப்படியே சொல்லி அனுப்புகின்றன. தவறு. ஐரோப்பியக் குடிமகனின் பிள்ளைக்கும் அதே பள்ளிதான். விசாவைக் காட்டு என்றால், எந்த விதியின்படி என்று கேளுங்கள்.

விசா கிடைத்தவர்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்: முதலில் இணையப் பதிவு, பிறகு நேரில். பதிவைத் தவறவிட்டால் பாதுகாப்பே போய்விடும். விடுதி மாற்றினால் புது முகவரியை உடனே பதியுங்கள். எந்தப் பள்ளி உங்கள் வட்டாரப் பள்ளி என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது. இடமில்லை என்றால், இடமுள்ள பள்ளி எது என்று மாகாண அலுவலகத்தில் கேளுங்கள். பழைய பள்ளிச் சான்று இல்லாதது மறுப்புக்குக் காரணமாகாது. வயதையும் படித்ததையும் பார்த்து வகுப்பை முடிவு செய்வது தலைமையாசிரியர் வேலை. உக்ரைன் பள்ளியில் ஆன்லைனில் படிக்கிறான் என்று சொல்லி இங்கே பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும் செல்லாது.

மொழி வகுப்புதான் அதிகம் பேர் இழப்பது. குறிக்கப்பட்ட சில பள்ளிகளில் செக் மொழியை இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள், 200 மணி நேரம் வரை. ஆனால் செக் நாட்டில் கட்டாயப் படிப்பு தொடங்கி 12 மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு மட்டுமே. யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். சேர்த்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

இன்னொரு கூத்து: உதவிக்கு உக்ரேனிய மொழிபெயர்ப்பாளரைப் போட்டுவிட்டு கடமை முடிந்ததென்று இருப்பார்கள். டிரான்ஸ்கார்பாத்தியாவின் பெரெஹோவே ஊரிலிருந்து வந்த பிள்ளை வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஹங்கேரியன். எந்த மொழி வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். சில மாதம் கழித்து, பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை, ‘போராட்னா’ போய்வாருங்கள் என்று பள்ளி சொல்லும். அது உளவியல் ஆலோசனை மையம். மொழி தெரியாத பிள்ளைக்குச் செக்கில் தேர்வு வைத்தால் முடிவு என்ன வரும்? அதைக் காட்டி மனவளர்ச்சி குறைந்தோருக்கான வகுப்புக்கு மாற்றப் பரிந்துரைப்பார்கள். செக் நகரமான ஒஸ்ட்ராவாவின் 18 ரோமா பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் போட்ட வழக்கில் செக் நாடு பாகுபாடு காட்டியது என்று ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அந்தப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் மாறின. பிள்ளைகளை அப்படி ஒதுக்கும் வழி முழுதாக மூடவில்லை.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்த மாற்றம் நடக்காது. அதனால்தான் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரம். “கூடுதல் உதவிக்கான படிவம்தான்” என்று சிரித்தபடி நீட்டுவார்கள். புரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாமல், நகல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தேர்வைத் தாய்மொழியில் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதையும் எழுத்தில்.

மாலை வகுப்பு, கோடை முகாம், ரோமா மென்டர் (வழிகாட்டி) போன்றவற்றில் பெரும்பாலானவை தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணத்தில் ஓடுபவை. பணம் தீர்ந்தால் ஆளைக் காணோம். சேர்க்கும்போதே, எந்த மாதம் வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாகாண அலுவலகத்திலும் ரோமா விவகாரங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. வரவேற்பில் இருப்பவருக்கே சிலசமயம் அது தெரியாது. பதவியைச் சொல்லிக் கேளுங்கள். பாகுபாடு என்று பட்டால் பர்னோ நகரிலுள்ள பொது உரிமைக் காவலருக்கு (ஓம்புட்ஸ்மன்) எழுதலாம், கட்டணமில்லை. எழுத வேண்டுமானால் கையில் ஆதாரம் வேண்டும். வாய்மொழியாக “இடமில்லை” என்றால் நகராதீர்கள், மறுப்பைக் கடிதமாகக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 15 நாள்தான், அதுவும் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து.