கூட்டம் 10 சதவீதம் கூடினால் காத்திருப்பு ஏன் 50 சதவீதம் கூடுகிறது?

தீம் பார்க் போகத் திட்டமிடுபவர்கள் தேடிப் பார்க்கும் கூட்டக் காலண்டர்களில், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். 2 என்றால் காலாற நடக்கலாம், 9 என்றால் தோளோடு தோள் உரசும் என்றுதான் பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். அன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை அந்த எண் சொல்வதாக ஒரு நினைப்பு.

அப்படி இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பது பார்க்கை நடத்துபவர்களுக்கு மட்டுமே தெரியும். பெரிய பார்க்குகள் தினசரி வருகைக் கணக்கை வெளியே சொல்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை துறை சார்ந்தவர்கள் போடும் மதிப்பீடுகள் வரும். புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டத்துக்கு 2019இல் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் வந்தார்கள் என்பது அப்படி ஒரு மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 57,000 பேர். ஆனால் நாம் சராசரி நாளில் போவதில்லை, ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை போகிறோம். அந்தச் செவ்வாயைப் பற்றி இந்தச் சராசரி ஒன்றும் சொல்லாது.

எனவே கணிப்பவர்கள் வேறொன்றை அளக்கிறார்கள். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஆப்பிலும் காட்டப்படும் காத்திருப்பு நேரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதுதானே? அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில் பதிந்து வைக்கிறார்கள். பிறகு விடுமுறை, கிழமை, பார்க் திறந்திருக்கும் நேரம், சிறப்பு நிகழ்ச்சிகள் ஆகியவற்றோடு அதைப் பொருத்திப் பார்த்து, வரப்போகும் தேதிக்கு ஓர் எண் தருகிறார்கள். கூட்டக் காலண்டரின் 7 உண்மையில் சொல்வது இதுதான்: முக்கியமான ரைடுகளில் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நிற்க நேரும். தலைகளை யாரும் எண்ணவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

ஒரு ரைடில் மணிக்கு 1,200 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணி வரை வரிசையே இல்லை. 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை மணிக்கு 1,500 பேர் வருகிறார்கள். ஒவ்வொரு மணி நேரமும் 300 பேர் ஏற முடியாமல் தேங்குகிறார்கள். நான்கு மணி நேரத்தில் 1,200 பேர். 2 மணிக்கு வரிசையின் கடைசியில் போய் நிற்பவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு.

இப்போது கூட்டத்தை 10 சதவீதம் மட்டும் கூட்டுவோம். மணிக்கு 1,650 பேர். தேங்குவது மணிக்கு 450, நான்கு மணி நேரத்தில் 1,800 பேர். காத்திருப்பு 90 நிமிடம். கூட்டம் பத்தில் ஒரு பங்குதான் கூடியது, காத்திருப்போ ஒன்றரை மடங்காகிவிட்டது. எதிர்த்திசையிலும் இதே கதைதான். 10 சதவீதம் குறைத்தால் காத்திருப்பு 30 நிமிடமாக, அதாவது பாதியாக, இறங்கும். 20 சதவீதம் குறைத்தால் வருபவரும் ஏறுபவரும் சமம், வரிசையே இல்லை.

காரணம், வரிசையை உண்டாக்குவது மொத்தக் கூட்டம் அல்ல. ரைடால் ஏற்ற முடிந்த அளவுக்கு மேல் வரும் உபரிதான் வரிசை. தொட்டி நிரம்பி வழியும்போது, வழிகிற நீரை மட்டும் அளப்பதுபோல. உபரி சின்ன எண் என்பதால், மொத்தத்தில் நடக்கும் லேசான அசைவும் அதைப் பல மடங்கு ஆட்டிவிடுகிறது. வரிசைகளைக் கணக்கில் கொண்டுவரும் இந்தத் துறை தொலைபேசியிலிருந்து தொடங்கியது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங், அழைப்புகள் எப்படி வந்து சேருகின்றன என்பதைப் பற்றி 1909இல் எழுதிய கட்டுரைதான் அதன் முதல் கல். அப்புறம் 1961இல் ஜான் லிட்டில் ஓர் எளிய சமன்பாட்டை நிரூபித்தார்: வரிசையில் நிற்பவர் எண்ணிக்கை என்பது, ஆட்கள் வந்துசேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. நிதானமாக ஓடும் ஒரு வரிசையில் வருகிற வேகமும் ஏறுகிற வேகமும் ஒன்றுதான். அதனால் இந்த மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது கையில்.

மேலே போட்ட கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. கூட்டம் அதிகமான நாளில் காலை 10:30க்கு அந்த வரிசைக்கு வந்தவருக்கு முன்னால் 225 பேர்தான், சுமார் 11 நிமிடம். கூட்டம் குறைவான நாளில் 2 மணிக்கு வந்தவருக்கு 30 நிமிடம். நெரிசல் நாளின் காலை, அமைதியான நாளின் மதியத்தைத் தோற்கடித்துவிடுகிறது. 4ஆம் எண் தேதியா 6ஆம் எண் தேதியா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், எத்தனை மணிக்கு வாசலில் நிற்பது என்பதைப் பற்றி அதில் பாதி யோசித்தால் போதும் என்பது என் கருத்து.

கூட்டம் குறைவான நாள் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்கள் குறைவாக வருவார்கள் என்று பார்க்குக்கு முன்பே தெரியும். எனவே அன்றைக்கு ஊழியர்களைக் குறைப்பார்கள், தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளைக் குறைப்பார்கள், இரண்டு தடங்கள் உள்ள ரைடில் ஒன்றை மூடிவைப்பார்கள். நம் ரைடின் திறன் 1,200லிருந்து 900 ஆகட்டும், கூட்டமும் 25 சதவீதம் குறைந்து மணிக்கு 1,125 ஆகட்டும். தேங்குவது 225, நான்கு மணி நேரத்தில் 900 பேர், காத்திருப்பு அதே 60 நிமிடம். நடைபாதைகள் காலியாகக் கிடக்கும், வரிசை மட்டும் குறையாது. "ஆளே இல்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் நின்றோம்" என்று திரும்பி வருகிறவர்கள் குழம்புவது இதனால்தான். தலை எண்ணாமல் காத்திருப்பை அளக்கும் காலண்டருக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

சரி, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை எப்படிக் கணிக்கிறார்கள்? பாதிக்கு மேல் வேலை பள்ளிக்கூடங்களின் நாட்காட்டியைப் படிப்பதுதான். கேட்க எளிது, செய்யும்போதுதான் வேடிக்கை. பிரான்ஸ் தன் பள்ளிகளை ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் வெவ்வேறு வாரங்களில் விடுகிறது. பாரிஸ் இருப்பது சி மண்டலத்தில். டிஸ்னிலேண்ட் பாரிஸுக்கான கணிப்பு முதலில் பார்ப்பது சி மண்டலத்தின் தேதிகள் வேறு எதனுடன் மோதுகின்றன என்பதைத்தான். ஜெர்மனியில் 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை முறைவைத்து விடுகின்றன, எல்லோரும் ஒரே நாளில் சாலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்நாட்டின் பெரிய தீம் பார்க்கான யூரோபா பார்க் தென்மேற்கு மூலையில் பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கிறது, சுவிட்சர்லாந்தும் தூரமில்லை. அதைக் கணிப்பவர் மூன்று நாடுகளின் பள்ளிக்கூட மணியையும் காதில் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்தில் நியூஜெர்சி ஆசிரியர்களின் மாநாடு நடக்கும், பள்ளிகளுக்கு அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் விடுமுறை. ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் புளோரிடாவின் பார்க்குகளில் அந்த வாரம் கூட்டம் ஏறும். 'ஜெர்சி வாரம்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஈஸ்டரோ மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வந்து உட்காரும். போன ஆண்டு இதே தேதியில் பார்க் காலியாக இருந்தது என்பதை வைத்து இந்த ஆண்டு டிக்கெட் போடுகிறவர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் ஈஸ்டரிடம்தான்.

கிழமைக் கணக்கு பார்க்குக்குப் பார்க் மாறும். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டுக்கு வருபவர்களில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் நிறைய, ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள். வேலை முடிந்து வருவார்கள், வார இறுதியில் வருவார்கள். புளோரிடாவிலோ விமானம் ஏறி வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் அதிகம். அவர்களுக்குத் திங்களும் ஒன்றுதான் ஞாயிறும் ஒன்றுதான். 'வாரநாளில் போனால் கூட்டம் இருக்காது' என்ற பொது அறிவுரை ஓரிடத்தில் பலிக்கும், இன்னோரிடத்தில் காலை வாரும். மேஜிக் கிங்டத்தில் ஹாலோவீன் விருந்து நடக்கும் நாட்களில், தனி டிக்கெட் இல்லாதவர்கள் மாலையிலேயே வெளியேற வேண்டும். முழு நாளும் வேண்டும் என்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பார்கள். விளைவு, விருந்து நாளின் பகல்பொழுது பெரும்பாலும் அமைதி. நாள் குறுகிவிடும், ஆனால் ரைடுகள் அதிகம் கிடைக்கும்.

ஆள்கணக்கை மறைத்தாலும் பார்க்குகள் வேறு வழியில் வாயை விட்டுவிடுகின்றன. டிஸ்னிலேண்டும் வால்ட் டிஸ்னி வேர்ல்டும் 2016இல் ஒருநாள் டிக்கெட்டின் விலையைத் தேதிக்கு ஏற்ப மாற்றத் தொடங்கின. உள்ளேயிருந்து உண்மையான எண்களைப் பார்ப்பவர்கள் எந்தத் தேதிக்கு விலையை ஏற்றுகிறார்கள் என்பதே ஒரு கூட்டக் கணிப்பு, அதுவும் இலவசமாக. திறந்திருக்கும் நேரமும் அப்படித்தான். வழக்கமாக இரவு 9க்கு மூடும் பார்க் ஒரு வாரம் மட்டும் 11 வரை என்று அறிவித்தால், அவர்கள் எதையோ எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் வானிலை மாதிரியான விஷயம் அல்ல இது. நாளை மழை என்று அறிவித்தால் மேகம் அதைப் படித்துவிட்டுத் திசை மாறாது. கூட்டம் மாறும். பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1994இல் இதை ஒரு புதிராக வைத்தார். அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்று ஒரு மதுக்கூடம். 100 பேர் அங்கே போக நினைக்கிறார்கள். 60 பேருக்குக் குறைவாக வந்தால்தான் நன்றாக இருக்கும். கூட்டமாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினால் யாரும் போக மாட்டார்கள், இடம் காலி. காலியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினால் எல்லோரும் போவார்கள், நெரிசல். எல்லோரும் நம்பும் கணிப்பு எதுவானாலும் அந்த நம்பிக்கையாலேயே பொய்த்துப்போகும்.

2019இல் இது டிஸ்னிலேண்டில் கண்ணெதிரே நடந்தது. ஸ்டார் வார்ஸ் உலகை வைத்துக் கட்டிய புதிய பகுதி மே 31இல் திறந்தது. வரலாறு காணாத கூட்டம் வரும் என்று பயந்து, முதல் சில வாரங்களுக்கு அந்தப் பகுதிக்கு முன்பதிவு வைத்தார்கள், ஆண்டுச் சீட்டுக்காரர்கள் பலருக்கு அந்தத் தேதிகளை அடைத்தார்கள். அந்தக் கோடையில் வருகை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. கூட்டத்துக்குப் பயந்து பலர் வராமல் இருந்துவிட்டார்கள் என்று டிஸ்னி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே முதலீட்டாளர்களிடம் சொன்னார். பயந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். துணிந்து போனவர்கள் எளிதாக ஏறி இறங்கினார்கள்.

ஒருநாளுக்குள் இருக்கும் கணிப்புக்கு வருவோம். இங்கே பெரிய எதிரி பழுது. 1,200 பேரை ஏற்றும் ரைடு மதியம் அரை மணி நேரம் நின்றால் 600 இருக்கைகள் போயின. வரிசையை விட்டு யாரும் போகவில்லை என்றால், அதற்குப் பின் வரும் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம் கூடுதல். பலர் போய்விடுவார்கள், ஆனால் அவர்கள் மாயமாவதில்லை, பக்கத்து ரைடில் போய் நிற்பார்கள். எந்தக் காலண்டருக்கும் இது முன்கூட்டித் தெரியாது.

அடுத்தது முன்னுரிமை வரிசை. டிஸ்னி 1999இல் இதை இலவசமாகத் தொடங்கியது, 2021 முதல் புளோரிடாவில் காசுக்கு விற்கிறது. நம் ரைடின் 1,200 இருக்கைகளில் 800 முன்னுரிமைக்காரர்களுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 400. முன்னால் 200 பேர்தான் தெரிகிறார்கள், பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று கண் சொல்லும். ஆகப்போவது 30 நிமிடம். வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நம் பழைய பழக்கம் இங்கே செல்லாது.

வாசலில் காட்டும் எண்ணும் முழு உண்மையல்ல. முன்பெல்லாம் வரிசையில் நுழையும் ஒருவரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, ரைடு வாசலில் அதைத் திரும்ப வாங்கி நேரத்தை அளந்தார்கள். அளந்து முடிக்கும்போது அது கடந்துபோன காத்திருப்பு. இப்போது நுழைபவருக்கு வரப்போவது வேறு. தவிர, சொன்னதைவிடச் சீக்கிரம் ஏறினால் மகிழ்ச்சி, தாமதமானால் கோபம் என்பதால் பார்க்குகள் கொஞ்சம் கூட்டியே காட்டுகின்றன. காட்டிய நேரத்தையும் உண்மையில் நின்ற நேரத்தையும் ஒப்பிட்டு வைத்திருக்கும் கணிப்பாளர்கள் அந்தக் கொசுறைக் கழித்துவிட்டுத் தங்கள் எண்ணைத் தருகிறார்கள்.

எந்த ரைடு முதலில், எது அடுத்தது என்ற வரிசைமுறையை நாமே போட்டுவிடலாம் என்று தோன்றும். 10 ரைடுகளை அடுக்க 36,28,800 வழிகள் உண்டு. 15 ரைடுகள் என்றால் சுமார் 1.3 லட்சம் கோடி. ஒவ்வொன்றின் காத்திருப்பும் மணிக்கு மணி மாறும் என்பதால் கணினிக்கும் இது லேசான வேலை அல்ல. கணினி முழுச் சரியான விடையைத் தேடாமல், போதுமான அளவு நல்ல ஒன்றைக் கண்டதும் நிறுத்திக்கொள்ளும். அது தரும் திட்டங்களில் ஒரு பாணி திரும்பத் திரும்ப வரும்: மணிக்குக் குறைவான பேரை ஏற்றும், ஆனால் எல்லோரும் விரும்பும் ரைடுகள் காலையில் முதலில். இடைவிடாமல் நகரும் இருக்கைகள் கொண்ட, ஆயிரக்கணக்கில் விழுங்கும் ரைடுகள் நடுப்பகலில்.

இரவுக்கு ஒன்றை மிச்சம் வைப்பதும் அந்தத் திட்டங்களில் இருக்கும். டிஸ்னி பார்க்குகளில், மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசைக்குள் வந்தவரையும் ஏற்றிவிட்டுத்தான் ரைடை நிறுத்துவது வழக்கம். அந்த நேரத்தில் பலகை 60 என்று காட்டும். கடைசி ஆட்களைத் தயங்க வைப்பதற்கான எண் அது. பெரும்பாலும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்காது.