பிரிவினை பேசிய வடக்கு: அமெரிக்க வரலாற்றில் பாதி மட்டும் சொல்லப்படும் கதை

கல்லூரியில் அமெரிக்க வரலாற்றுத் தாள் நடத்துகிறேன். பிரிவினை என்றதும் மாணவர்கள் எழுதுவது, தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகிய 1860 டிசம்பர் 20. சரிதான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற பேச்சு வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்றவை) எழுந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட சிலர், "வடக்கும் பிரியத்தானே பார்த்தது, தெற்கை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று வாதிடுகிறார்கள். வகுப்பிலும் இந்தக் கேள்வி வருகிறது. செய்தி உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

1803இல் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை வாங்கியதும் நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. அங்கே உருவாகும் மாநிலங்கள் தெற்கின் பக்கம் சாய்ந்துவிடும், தங்கள் குரல் இனி எடுபடாது என்று ஜெஃபர்சனை எதிர்த்த பெடரலிஸ்ட் கட்சியின் வடக்குத் தலைவர்கள் அஞ்சினார்கள். அடிமைகளுக்கு வாக்குரிமை கிடையாது. ஆனால் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு தெற்குக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்கள் தந்திருந்தது அரசியலமைப்பு. மாசசூசெட்ஸ் செனட்டர் திமோத்தி பிக்கரிங் 1804இல் 'வடக்குக் கூட்டமைப்பு' ஒன்றைத் திட்டமிட்டார். நியூயார்க் சேராமல் அது நிலைக்காது என்பதால், அங்கே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர்ரை நம்பினார்கள். தேர்தலில் பர் தோற்றார். பெடரலிஸ்ட் கட்சியின் பெருந்தலைவர் ஹாமில்டனே பிரிவினையை எதிர்த்தவர். அவ்வாண்டு ஜூலையில் பர்ருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் உயிரிழந்தார்.

1807இன் ஏற்றுமதித் தடைச் சட்டம் கடல் வணிகத்தை நம்பிய நியூ இங்கிலாந்தின் வயிற்றில் அடித்தது. 1811இல் மாசசூசெட்ஸின் பெடரலிஸ்ட் உறுப்பினர் ஜோசையா குவின்சி, லூசியானாவை மாநிலமாகச் சேர்த்தால் ஒன்றியமே கலைந்ததாகும், பிரிய நேர்ந்தால் சுமுகமாகவோ வலுக்கட்டாயமாகவோ பிரியலாம் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்.

அடுத்த ஆண்டே பிரிட்டனுடன் போர். மாநிலப் படையை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் விட நியூ இங்கிலாந்து ஆளுநர்கள் மறுத்தார்கள். 1814இல் மெய்ன் பகுதியின் கிழக்குக் கரை பிரிட்டனிடம் போனது. அந்த டிசம்பர் 15 அன்று கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் நியூ இங்கிலாந்தின் 26 பிரதிநிதிகள் கூடி, மூடிய கதவுகளுக்குள் மூன்று வாரம் விவாதித்தார்கள். இந்த மாநாடு பிரிவினையை அறிவித்தது என்று எழுதும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். பிரிவினைவாதிகள் வெளியே கூச்சலிட்டாலும் மாநாட்டில் மிதவாதிகளின் கைதான் ஓங்கியது. அறிக்கை கேட்டது ஏழு அரசியலமைப்புத் திருத்தங்களை: ஐந்தில் மூன்று கணக்கை நீக்குதல், போர் அறிவிக்கவும் புதிய மாநிலம் சேர்க்கவும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, ஒருவர் ஒருமுறை மட்டுமே குடியரசுத் தலைவர் ஆகலாம் போன்றவை. தூதர்கள் அறிக்கையோடு வாஷிங்டன் போய்ச் சேர்ந்த வேளையில் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டன் படையை வென்ற செய்தியும் சமாதானச் செய்தியும் வந்துவிட்டன. தேசத்துரோகிகள் என்ற பழி பெடரலிஸ்ட் கட்சியை முடித்துவிட்டது.

இதற்குப் பிறகு வடக்கில் எழுந்த பிரிவினைக் குரல் வேறு வகை. 'அடிமை உடைமையாளர்களோடு ஒன்றியம் வேண்டாம்' என்றார் அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் காரிசன். 1854 ஜூலை 4 அன்று ஃபிரமிங்ஹாமில் அரசியலமைப்பின் பிரதியைக் கொளுத்தினார். ஒன்றியத்தைக் கலைக்கக் கோரும் ஹேவர்ஹில் ஊராரின் மனுவை 1842இல் அவையில் அளித்ததற்காக, அதை ஏற்காத முன்னாள் குடியரசுத் தலைவரும் அவை உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் மீதே கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது. 1857இல் வூஸ்டரில் பிரிவினை மாநாடே நடந்தது.

ஆக, 1804இல் பேசியது பறிபோகும் அதிகாரம். 1840களிலிருந்து பேசியது அடிமை முறையோடு கைகோத்து வாழ மறுத்த மனசாட்சி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. இவர்கள் சொல்லைக் கேட்டு எந்த வடமாநிலமும் விலகவில்லை.

"வடக்கும் தெற்கும் ஒன்றுதான்" என்ற பதிவைப் பகிரும் முன், பிரிந்த தென் மாநிலங்களே எழுதி வைத்த காரணங்களைப் படித்துவிடுங்கள். தென் கரோலினாவின் அறிக்கை, தப்பியோடிய அடிமைகளை வடக்கு திருப்பித் தரவில்லை என்று புகார் சொல்கிறது. மிசிசிப்பியின் அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறது.