படத்தில் சேராத அம்பு: மவுஸ் கர்சர் எப்படி நகர்கிறது, ஏன் பின்தங்குகிறது?

பிரவுசர் உறைந்து, பக்கம் வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிட்ட பிறகும் கர்சர் மட்டும் கவலையே இல்லாமல் திரையில் ஓடும். திரையில் நாம் காணும் படத்தில் கர்சர் ஒரு பகுதியே அல்ல என்பதுதான் இதற்குக் காரணம்.

கிராபிக்ஸ் சிப், நினைவகத்தில் தயாராக இருக்கும் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்து மானிட்டருக்கு அனுப்புகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு சுற்றுக்கும் 16.7 மில்லி நொடி. கர்சருக்கென்று தனியாக ஒரு சிறு படம் உண்டு. பழைய சிப்களில் 64×64 பிக்சல், இன்றைய சிப்கள் பலவற்றில் 256×256 வரை. வரிகள் வெளியே போகும்போது, கர்சர் இருக்க வேண்டிய இடம் வந்ததும் சிப் இந்தச் சிறு படத்தை அதில் கலந்து அனுப்பிவிடும். நிலைக்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி: பொட்டை இடம் மாற்றினால் பிம்பத்துக்கு ஒன்றும் ஆகாது. கர்சரை நகர்த்த இயங்குதளம் செய்ய வேண்டியதெல்லாம் புதிய கிடை, செங்குத்து எண்களைச் சிப்பிடம் கொடுப்பதுதான். இதற்கு ஹார்டுவேர் கர்சர் என்று பெயர். 1985-இல் வந்த அமிகா கணினியிலேயே கர்சர் இப்படித் தனி ஸ்பிரைட்டாக, அதாவது படத்தின் மேல் சிப் தானே கலக்கும் சிறு படமாக, ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த மேகின்டாஷில் ஒவ்வொரு முறையும் பழைய அம்பை அழித்துப் புதியதை வரைந்தார்கள். அது சாஃப்ட்வேர் கர்சர்.

தாமதக் கணக்கைப் பார்ப்போம். சாதாரண யுஎஸ்பி மவுஸிடம் கணினி 8 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது 125 ஹெர்ட்ஸில், 'எவ்வளவு நகர்ந்தாய்' என்று கேட்கிறது. எனவே சராசரிக் காத்திருப்பு 4 மில்லி நொடி. டிரைவரும் (மவுஸை இயக்கும் மென்பொருள்) கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எடுத்துக்கொள்வது பொதுவாக ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. கர்சரின் புது இடம் பெரும்பாலும் அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வரும். அதற்குச் சராசரியாக 8. பிறகு அந்த வரி வரும்வரை காத்திருக்க வேண்டும்: திரையின் உச்சியில் கிட்டத்தட்ட பூஜ்யம், அடியில் 16. ஆக, திரையின் நடுவில் சுமார் 20 மில்லி நொடி, அதன்மேல் மானிட்டரின் சொந்தத் தாமதம். கீழே டாஸ்க்பாரில் இருக்கும் கர்சர் மேலே இருப்பதைவிட எப்போதுமே சற்றுப் பழையது என்பதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் பாதை நீளம். ஒவ்வொரு செயலியும் தன் சாளரத்தைத் தனியாக வரைந்து வைக்கும்; கம்பாசிட்டர் அவற்றை அடுக்கி ஒரே படமாக்கும்; அந்தப் படம் அடுத்த சுற்றில் திரைக்குப் போகும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்து டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் செய்வது இந்த வேலைதான். இதில் இரண்டு சுற்று கூடினால் 33 மில்லி நொடி. மவுஸ் நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் போனால், ஒரு மில்லி நொடிக்கு ஒரு பிக்சல் இடைவெளி. பெயிண்டைத் திறந்து வேகமாக ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்: கோட்டின் நுனி அம்புக்கு 30, 40 பிக்சல் பின்னால் வரும். இங்கே கர்சரில் குறை இல்லை. கர்சர் முந்திப் போவதால்தான் மற்றவற்றின் தாமதம் கண்ணில் படுகிறது.

கர்சரே அந்த நீளமான பாதையில் மாட்டிக்கொள்ளும்போதுதான் உண்மையான 'மவுஸ் லேக்'. சிப்பின் அளவு வரம்பை மிஞ்சிய பெரிய கர்சர், பாயின்டர் டிரெய்ல்ஸ் (அம்பின் பின்னால் வால்போல் நிழல் தொடரும் அமைப்பு), திரை உருப்பெருக்கி, மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), சில திரைப்பதிவு மென்பொருள்கள் ஆகியவை கர்சரைப் படத்துக்குள் இழுத்து வரைய வைக்கும். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது: சாளரங்களை அடுக்கும் வேலையும் கர்சரை நகர்த்தும் வேலையும் ஒரே திரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், நடந்ததால், முதலாவது திணறினால் இரண்டாவதும் திக்கியது. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, திரைக்கு அனுப்பும் வேலையைத் தனி திரெட்டுக்கு மாற்றிய பிறகுதான் கனமான சுமையிலும் அம்பு வழுக்கிக்கொண்டு போனது.

இதெல்லாம் அற்ப விஷயமா? மெக்கன்சி, வேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் சோதித்துப் பார்த்தார்கள். 225 மில்லி நொடி தாமதத்தில், இலக்கைத் தொட ஆன நேரம் 64 சதவீதமும் பிழைகள் 214 சதவீதமும் கூடின. கை தன்னைத் திருத்திக்கொள்வது கண்ணை நம்பித்தான். கண்ணுக்குப் பழைய செய்தி வந்தால் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியதுதான்.

உங்கள் கணினியில் எப்போதும் ஒரே சீரான தாமதம் என்றால் முதலில் மானிட்டரைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய லேப்டாப்பில் 4கே திரையை மாட்டினால் 30 ஹெர்ட்ஸுக்குமேல் வராது. ஒவ்வொரு சுற்றும் 33 மில்லி நொடி ஆகிவிடும். தெளிவுத்திறனைக் குறைத்து 60-க்குப் போனாலே கை லேசாகும். டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் கேம் மோடைப் போட வேண்டும். இல்லாவிட்டால் அது படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று பல சுற்றுகளைப் பிடித்து வைக்கும்.

விட்டுவிட்டுத் துள்ளினால் கதை வேறு. வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கில் கோப்பு நகலாகும்போது மட்டும் கர்சர் திக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டாங்கிளை ஒரு சிறிய யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிளில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். வயர் மவுஸ் மாட்டியும் துள்ளல் நிற்கவில்லை என்றால், ஏதோ ஒரு டிரைவர் பிராசசரை அளவுக்கு மீறிப் பிடித்து வைத்திருக்கலாம். நெட்வொர்க், ஆடியோ டிரைவர்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கலாம். சற்று ஓய்வுக்குப் பிறகு முதல் அசைவு மட்டும் தாமதம் என்றால் அது மின்சேமிப்பு உறக்கம், பழுது அல்ல.

1000 ஹெர்ட்ஸ் கேமிங் மவுஸ் வாங்கினால் சராசரிக் காத்திருப்பு 4-லிருந்து 0.5 மில்லி நொடியாகும். மிச்சம் மூன்றரை. அதே பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கான உண்டியலில் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 10 மில்லி நொடி மிச்சம், அதுவும் கர்சருக்கு மட்டுமல்ல, சாளரங்களுக்கும் சேர்த்து.

அளந்து பார்க்க கருவி எதுவும் வாங்க வேண்டாம். போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனை வைத்து, மவுஸும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடியுங்கள். மவுஸின் பக்கவாட்டில் ஸ்கேலால் 'டக்' என்று தட்டுங்கள். மவுஸ் நகர்ந்த ஃபிரேமிலிருந்து கர்சர் நகரும் ஃபிரேம்வரை எண்ணி 4.2-ஆல் பெருக்கினால் மில்லி நொடி கிடைக்கும். பத்து முறை தட்டிச் சராசரி எடுங்கள். 60 ஹெர்ட்ஸில் 6 முதல் 10 ஃபிரேம் சகஜம். 15-ஐத் தாண்டினால் மேலே சொன்னவற்றில் ஒன்று உங்கள் மேசையில் இருக்கிறது.